மாப்பிள்ளையின் கத்திக்கு ஒரு மணிக்கயிறு

மணி கோர்ப்பதற்கு முன்னால் நைலான் கயிற்றின் நுனியை நெருப்பில் லேசாகக் காட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நுனி பிரிந்து, துளைக்குள் நுழையாமல் உயிரை வாங்கும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸம்மா. வலது கையில் மூன்று விரல் போன பிறகு, மிச்சமிருப்பதற்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஒரு டப்பா மணி கொடுத்தார். ஆறு மாதத்தில் கை பழகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு நான் போட்டுக்கொடுத்த கயிற்றை நீங்கள் அறுத்துப் பார்த்துவிட்டீர்கள். உள்ளே கம்பி ஓடுவதும் தெரிந்துவிட்டது. இனிமேல் சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

மாப்பிள்ளையும் நானும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரே உருளை இயந்திரத்தில் பன்னிரண்டு வருடம் நின்றவர்கள். என் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததே நான்தான். என் விரல்கள் போன அன்று உருளைக்கு முன்னால் இருக்கும் தடுப்பைக் கழற்றி வைத்தது அவன். வேலை சீக்கிரம் முடியுமாம். விசாரணையில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"மச்சான்தாங்க கழட்டினாரு. வேணாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

என்னைச் சரக்கறைக்கு அனுப்பினார்கள். அவன் அந்த இயந்திரத்துக்குத் தலைமையாள் ஆனான். தங்கை வந்து அழுதாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லியிருந்தா அவரு வேலை போயிருக்கும். நாங்க நடுத்தெருவுல நின்னிருப்போம். மனசுல வெச்சுக்காதண்ணே."

அவளுக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மாப்பிள்ளையிடம் ஒரு மடக்குக் கத்தி உண்டு. அட்டைக் கட்டுகளின் பிளாஸ்டிக் நாடாவை அறுப்பதற்கு. எங்கேயாவது வைத்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவான். கையில் மாட்டிக்கொள்ள நல்ல கயிறாகப் போட்டுத்தருகிறேன் என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். அளவெடுக்க நிற்கவைத்தபோது சிரித்தான்.

"என்ன மச்சான், சட்டை தைக்கப் போறியா?"

"ஆடாம நில்லு மாப்பிள்ளை. அளவு முக்கியம்."

உண்மையிலேயே அளவு முக்கியம். கத்தியின் வால்பக்க ஓட்டையில் ஒரு முனையைக் கட்டினேன். மறுமுனை மணிக்கட்டு வளையம். இழுத்தால் இறுகும் முடிச்சு. அதிலிருந்து அலங்காரத்துக்கு ஒரு மணிச்சரம், ஒரு சாண் நீளம் தொங்கும். நீலமும் வெள்ளையும் தங்கை தேர்ந்தெடுத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் கோபம் தீர்ந்தது என்று அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவள் எழுந்து சமையலறைக்குப் போன நேரத்தில் கம்பியை நுழைத்தேன்.

இந்த மாதிரிக் கயிறுகளில் பலமாக இழுபட்டால் கழன்றுகொள்ளும் பூட்டு ஒன்று வைப்பார்கள். நானும் வைத்தேன். கழலாதபடி ஒட்டியும் வைத்தேன்.

பதினெட்டு நாள் ஆனது. ஒட்டுநாடா கொடுப்பதற்காகச் சரக்கறையிலிருந்து வந்திருந்தேன். உருளையில் ஓர் அட்டை சிக்கியிருந்தது. அவன் கத்தியோடு குனிந்தான். தடுப்பு அன்றைக்கும் கழற்றித்தான் இருந்தது. மணிச்சரம் முதலில் உள்ளே போனது.

"மச்சான், நிறுத்து மச்சான்."

சிவப்பு விசை என் பக்கத்தில்தான் இருந்தது. அழுத்தினேன், ஐயா. கொஞ்சம் தாமதமாக. அதற்குள் முழங்கை வரை போயிருந்தது.

நிர்வாகம் விசாரித்தபோது, இந்தக் கயிற்றை இயந்திரத்துக்கிட்ட மாட்டாதே என்று எவ்வளவோ சொன்னேன், அவன் கேட்கவில்லை என்று சொன்னேன். அந்த வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வாயில் வருகின்றன என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன்மேல் இருந்த கோபம்கூட அத்தோடு பாதி குறைந்துவிட்டது.

தங்கையிடம் இதையெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டாம். தாங்கமாட்டாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சோறு ஊட்டுவது, தலை வாரிவிடுவது எல்லாம் நான்தான். "நீ இல்லன்னா நான் என்ன ஆவேன் மச்சான்" என்று நேற்றுகூட அழுதான். துரோகம் செய்தது அவன். நான் செய்யவில்லை. வேண்டுமானால் அவனையே கேட்டுப்பாருங்கள். நான் ஒருநாளும் அவனைக் கைவிட்டதில்லை.