இழுத்த விலை எட்டிய காலை

பூகோளம் புகட்டிய பூண்டுலோயாவின் புகழே! நலன்புரிச் சங்கத்தின் நம்பிக்கைப் பொருளாளரே! நிதியத்தின் நிலவரத்தை நித்தமும் சொன்ன நேர்மையே! ஓய்வுபெறும் எங்கள் ஜீவராணி டீச்சர் அவர்களே, வணக்கம்!

முப்பத்திரண்டு ஆண்டுப் பெருமையை முகத்துக்கு நேரே சொன்னால், "போதும் விடுங்க, பஸ் போயிரும்" என்று எழுந்துவிடுவார். ஆதலால் டீச்சரை மாலையோடு உட்காரவைத்துவிட்டுச் சபையோருக்கே சொல்கிறோம்.

சபையோரே! ஆசிரியர் நலன்புரிச் சங்கத்தின் சேமிப்பை முதலீட்டு நிதியம் ஒன்றில் போட்டு, அது வளர்ந்ததும் பிள்ளைகளுக்கு பேண்ட் வாத்தியம் வாங்குவதென்று முடிவானது. அன்றிலிருந்து நிதியத்தின் அலகு விலையை எக்செல் சீட்டில் நாள் தவறாமல் ஏற்றியவர் டீச்சர். சிக்னல் கிடைக்காவிட்டால் கோயில் வளைவு வரை நடந்துபோய், போனில் விலையைப் பார்த்துவிட்டு வருவார். ஐந்து சதம் ஏறினால் ஆசிரியர் அறைக்கே தேநீர்! இறங்கினாலோ, அவர் முகத்தைப் பார்த்துப் பாடசாலை அதிபரே ஒதுங்கிப் போவார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை வாரம். கரண்டும் இல்லை, கோயில் வளைவில்கூட சிக்னலும் இல்லை; கரண்ட் திரும்பியும் சிக்னல் திரும்பவில்லை. சங்கக் கூட்டம் நெருங்க, கட்டங்கள் வெறுமையாய்க் கிடப்பது டீச்சருக்குப் பொறுக்கவில்லை. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று ஒரே நாளில் ஒரு ரூபாய் ஏறியிருந்த கடைசி இரண்டு விலைகளையும் மவுஸால் பிடித்து வெற்றுக் கட்டங்கள் மேல் கீழே இழுத்தார். கணினி அதே கணக்கில் நாளுக்கு ஒரு ரூபாயாகத் தன்பாட்டில் ஏற்றிக்கொண்டே போய் முப்பத்தொரு ரூபாயில் நின்றது. டீச்சர் திருத்த மறந்தார். கூட்டத்தில் திரையில் அதைக் கண்டு நாங்கள் தட்டிய கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது! விளையாட்டு ஆசிரியர் வினோஜன் அங்கிருந்தே அட்டன் டவுனில் மக்பூல் நானாவின் வாத்தியக் கடைக்கு போன் போட்டு டிரம்களுக்குச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டார்.

உண்மை விலையோ இருபத்து நான்கு! சிக்னல் திரும்பிய பிறகுதான் டீச்சர் அதைக் கண்டார். மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. "அது நிதியம் குடுத்த வெல இல்லங்க, நான் இழுத்த வெல. புள்ளைங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று எங்கள் நடுவில் நின்று அழுதார். தன் சம்பளத்தில் ஈடுகட்டுவதாகச் சொன்னார், நாங்கள் விடவில்லை. மக்பூல் நானாவோ, "டிரம் எங்கயும் ஓடிப் போகாது டீச்சர். அந்த வெல வரட்டும், நான் கட்டி வைக்கிறேன்" என்றார்.

அந்த முப்பத்தொன்றைச் சிவப்பாக்கிச் சீட்டின் உச்சியில் வைத்தார் டீச்சர். பிள்ளைகள் பிஸ்கட் தகரத்தில் தட்டிப் பழகினார்கள். தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் டீச்சர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். எங்களுக்கும் மனசு கேட்காது.

டீச்சர்! இனி உங்களிடமே பேசுகிறோம். இன்று காலை பொன்னாடைப் பரபரப்பில் தாங்கள் சீட்டைத் திறக்கவில்லை. நாங்கள் திறந்தோம். முப்பத்தொரு ரூபாய் ஐந்து சதம்! யாரும் இழுத்த விலையல்ல, நிதியமே தந்த விலை! செய்தி சொன்ன உடனே, "காசு பொறவு வரட்டும்" என்று டிரம்களை ஏற்றி வேனைக் கிளப்பிவிட்டார் மக்பூல் நானா!

மூட்டுவலி அண்டாமல், முகமலர்ச்சி மங்காமல், பேரன் பேத்திகளையும் கட்டம் போடவைத்துக்கொண்டு தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டும்!

பஸ் போனால் போகட்டும், எழுந்துவிடாதீர்கள். திரைக்குப் பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். இன்று அவர்கள் கையில் தகரம் இல்லை.

என்றும் தங்கள் அன்பில்,
அதிபரும் ஆசிரியர்களும்,
நீலமலைத்தோட்டம் தமிழ் மகா வித்தியாலயம்,
பூண்டுலோயா.