சீக்கிரம் கிடைத்த ரிப்போட்

ஆட்கள் காத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது, சேர். மாத்தளை டவுனில் எங்கள் லேப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காய்ச்சல்காரர்கள். நாற்காலி போதாமல் படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

இரத்தம் பார்க்கும் மெஷின் முடிவுகளை ஒரு ஃபைலாகத் தரும். அதை நோயாளிகளின் விபரம் இருக்கிற டேட்டாபேஸில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாளைக்குப் பல தடவை ஏற்ற வேண்டும். கம்ப்யூட்டர் பழையது. ஒவ்வொரு முடிவும் யாருடையது என்று இரத்த மாதிரியின் இலக்கத்தை வைத்து எல்லாப் பதிவுகளிலும் தேடிப் பார்த்துத்தான் உள்ளே விடும். அதற்குள் வெளியே ஏச்சு தொடங்கிவிடும்.

“றிகாஸ், எப்படியாச்சும் இத வேகமாக்குங்க தம்பி. ஆக்கள் வேற லேப்புக்குப் போறாங்க,” என்றார் லேப்பை நடத்தும் நளீம் ஹாஜியார்.

வேகமாக்கினேன். அந்தத் தேடலை எடுத்துவிட்டேன். பெயர் பதிந்த வரிசையில்தானே முடிவுகளும் வருகின்றன, முதல் முடிவு முதல் ஆளுக்குப் போகட்டும் என்று விட்டேன். ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதற்குள் எல்லாம் ஏறியது. ஹாஜியார் தோளில் தட்டினார். புத்தகத்தின் கடைசியில் இருக்கிற பெயர்ச் சுட்டி போல மாதிரி இலக்கத்துக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டிருந்தால் தேடலையும் வைத்துக்கொண்டே வேகமாக்கியிருக்கலாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜீவராஜ் எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவி தினுஷாவைக் கூட்டிவந்தது ஒரு திங்கட்கிழமை. டொக்டருக்கு டெங்கு என்று சந்தேகம். பிளேட்லட் குறைந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “நானா, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?” என்று அண்ணனிடம் கேட்பது போலக் கேட்டாள். என் போத்தலைக் கொடுத்தேன்.

ரிப்போட் சீக்கிரம் வந்தது. பிளேட்லட் சரியாக இருந்தது.

“பயந்தே போயிட்டேங்க நானா,” என்று ஜீவராஜ் சிரித்தார். இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள்.

கொஞ்ச நேரத்தில் நடராஜா என்பவர் தன் ரிப்போட்டோடு திரும்பி வந்தார். காய்ச்சல் விட்டு நன்றாக நடமாடும் மனிதர். ரிப்போட்டிலோ பிளேட்லட் படுமோசம். மெஷின் தந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். அவருடைய இரத்தம் குழாயிலேயே உறைந்துபோய் முடிவு வரவில்லை. அதனால் அவருக்குக் கீழே இருந்த முடிவுகளெல்லாம் ஒரு வரி மேலே ஏறியிருந்தன. அவர் கையில் இருந்தது அடுத்த வரிக்குரியது. அடுத்த வரி தினுஷா.

எங்கள் வாசலில் நின்றால் எல்கடுவ பஸ் தெரியும். இன்னும் புறப்படவில்லை. ஜீவராஜின் ஃபோன் நம்பர் என் முன்னால் திரையில் இருந்தது. கூப்பிட்டால் எப்படி மாறியது என்று கேட்பார்கள். நடராஜாவிடம் இன்னொரு முறை இரத்தம் கொடுக்கச் சொன்னேன். டேட்டாபேஸில் எல்லாவற்றையும் உரியவர் பெயருக்குத் திருத்தினேன். திருத்தி முடித்து எட்டிப் பார்த்தபோது பஸ் இல்லை. காய்ச்சல் கூடினால் அவர்களே வருவார்கள் என்று நினைத்தேன்.

காய்ச்சல் கூடவில்லை, விட்டுவிட்டது. டெங்கு அப்படித்தான் ஏமாற்றும். காய்ச்சல் போய்விட்டதே என்று ஜீவராஜ் மறுபடி வேலைக்குப் போயிருக்கிறார். வியாழக்கிழமை தோட்டத்து லய வீட்டிலிருந்து லொறியில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் தினுஷா இறந்துபோனாள்.

மையத்து வீட்டுக்கு நானும் போனேன். ஜீவராஜ் என் கையை விடவேயில்லை.

“ரிப்போட் நல்லாத்தானே இருந்திச்சு நானா. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். என்னாலதான் போயிட்டா.”

“அப்படிச் சொல்லாதீங்க அண்ணே. ஆண்டவன் நாட்டம்,” என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவரிடம் போகிறேன். வேலைக்கும் போகாமல், சமைக்காமல், அவளுடைய சீலையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். அந்த அழுகை பொய்யில்லை, சேர்.

அந்தப் பிழையான ரிப்போட்டைப் பற்றி நடராஜாவின் மகள் முறைப்பாடு செய்திருக்காவிட்டால் நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கமாட்டீர்கள். பரவாயில்லை. தெரிந்தேதான் தினுஷாவைப் போகவிட்டேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஜீவராஜிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாவம், ஆறுதல் சொல்ல அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை.