தெருவோடு நடந்த சுந்தரவல்லி அம்மையார்

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் பரமசிவம் அவர்களே, அம்மையாரின் மகள் தமிழ்செல்வி அவர்களே, நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரம் நிற்கும் பஸ்தி உறவுகளே! முன்னால் வந்து உட்காருங்கள். இது உங்கள் வீட்டுத் துக்கமும்தான். அனைவருக்கும் வணக்கம்.

டெல்லி லோதி ரோடு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் சுந்தரவல்லி அம்மையாருக்கு அடுத்த மேசை என்னுடையது. ஓய்வு பெற்றபின் இருவரும் இங்கேதான் குடிவந்தோம். நான் ஓய்வெடுத்தேன். அவர் எடுத்தாரா?

மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்த ஆண்டு, ஜனவரி முதல் ஞாயிறு, காகிதமும் பென்சிலுமாக இறங்கினார். எந்தக் கடை எங்கே, யார் எந்த வழியாக நடக்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று எட்டுத் தெருக்களையும் வரைந்தார். மறு ஆண்டும் வரைந்தார். அதற்கடுத்த ஆண்டும்! மெட்ரோ நிலையம் வந்தது. மால் எழுந்தது. இஸ்திரி வண்டி நின்ற இடத்தில் மொபைல் கடை, மாவு மில் இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் கடை. நாமும் பார்த்தோம், ஒரே வாரத்தில் மறந்தோம். அவர் மறக்கவில்லை.

நிலையத்துக்கு மால் பக்கம் மட்டுமே வாசல் திறந்தார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் பஸ்தி, நெருக்கமான குடிசைகளும் வாடகை அறைகளும். அங்கிருந்து நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அருக்காணிக்கு, அகலமாக்கிய சாலையைக் கடக்கும்போது ஸ்கூட்டர் இடித்துக் கை முறிந்தது. அம்மையாரோடு நானும் பார்க்கப் போனேன்.

"முன்னெல்லாம் எட்டே நிமிசத்துல வந்துருவேனுங்க்கா. இப்பச் சுத்திக்கிட்டு வந்தா அரைமணி நேரமாவுதுங்க. குறுக்க வந்தா இந்தக் கெதிதானுங்க" என்றார் அருக்காணி.

பஸ்தி பக்கம் இன்னொரு வாசல் வைத்தால் சாலைக்கு அடியிலேயே நடந்து வரலாம். ஆனால், "அந்த வாசல் வேண்டாம், கூட்டம் வரும், திருட்டு வரும்" என்று நம் சங்கம் மனுக் கொடுத்தது. அந்த மனுவை எழுதியவன் யார்? நான்! இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

மெட்ரோ நிர்வாகம் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில், "அந்தப் பக்கம் யார் நடக்கிறார்கள்?" என்று அதிகாரி கேட்டார். அம்மையார் எழுந்தார். பதினோரு ஆண்டு வரைபடங்களை மேசைமேல் வரிசையாக விரித்தார். ஒரு பேட்டை கண்முன்னே நகர்ந்தது நண்பர்களே! அருக்காணியின் எட்டு நிமிடம் முப்பது நிமிடமாக மாறியதை அந்த அறையே பார்த்தது. அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். யார் உத்தரவில் வரைந்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். "யாரும் சொல்லல சார். தெரு மாறிக்கிட்டே இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று தன்னை மறந்து தமிழிலேயே சொன்னார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

வாசல் திறந்தது. நாங்கள் மாலையோடு போனோம். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

ஏன்? அவர் அப்போதே அஞ்சியது என்னவென்று எங்களுக்கு அடுத்த ஜனவரியில்தான் தெரிந்தது. வாசல் வந்ததால் பஸ்தியில் வாடகை ஏறியிருந்தது. அருக்காணி உட்பட நாற்பது குடும்பங்கள் ரயில் பாதைக்கு அப்பால் போய்விட்டன. "நான் கேட்ட வாசல்தான் இவங்களை வெளிய அனுப்பிச்சிருக்கு. அதையும் எழுதணும்ல?" என்றார். வென்ற வழக்கில் தனக்கே எதிராகச் சாட்சி எழுதிய மனிதரை வேறெங்கே பார்த்தீர்கள்? காகிதத்தில் இடமில்லை. இன்னொரு தாளை ஒட்டினார். முழங்கால் வலியோடு ரயில் பாதை தாண்டி நடந்து, அந்த நாற்பது வீடுகளையும் வரைந்தார். அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது!

அந்த வீடுகளிலிருந்து நிலையத்துக்குச் சிற்றுந்து விடக் கோரும் மனுவை அவர் பாதி எழுதி வைத்திருந்தார். மீதியை நேற்று நானும் அருக்காணியும் எழுதி முடித்தோம். திங்கள் காலை பத்து மணிக்கு மெட்ரோ அலுவலகத்தில் சங்கத்தின் பெயரால் கொடுக்கப் போகிறோம். கொடுத்ததோடு நிறுத்த மாட்டோம். பதில் வரும்வரை வாரந்தோறும் போவோம். அம்மையாருக்கு நாம் செய்யும் அஞ்சலி இது ஒன்றுதான். வருகிறவர்கள் இப்போதே எழுந்து நில்லுங்கள்.