அவங்கவங்க காம்பரா

தேத்தண்ணி நன்றாயிருக்கிறது இன்ஸ்பெக்டர் ஐயா, சீனிதான் கொஞ்சம் கூடிவிட்டது. லிந்துலைப் பக்கம் வெகுகாலமாக ஆங்கிலம் படிப்பிக்கிறவன் நான். பிழையைக் கண்டால் சொல்லாமல் இருக்க வராது.

கிஷாந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. குடும்பத்துக்கு ஒரு காம்பராவென்று வரிசையாகக் கட்டிய தோட்டத்து லயத்தில் பிறந்த பையன், கெம்பஸ் படிப்பு முடித்து என் பாடசாலைக்கே ஆங்கில ஆசிரியராக வந்தான். வந்ததும் வராததுமாக என் வகுப்புக்குள் தலையை நீட்டினான். 'தேர்', அதாவது 'அவர்களுடைய' என்று பன்மை வந்தால் அதற்குப் பின்னால் பெயர்ச்சொல்லும் பன்மையில்தான் வரவேண்டும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். 'தேர் ரூம்' பிழை, 'தேர் ரூம்ஸ்' சரி.

"சேர், எல்லாரும் ஒரே ரூம்ல இருந்தாங்கன்னா 'தேர் ரூம்'னு சொல்றதும் சரிதானுங்களே," என்றான்.

பணிவாகத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து சந்தேகம் கேட்க அவனிடம் போனார்கள். கொழுந்து பறித்தவள் மகனிடம் நான் இலக்கணம் படிக்க வேண்டுமாம்.

பிறகு அந்த மழையில் மலை சரிந்து அவனுடைய லயத்தை மூடியது. மீட்க வந்த வெளிநாட்டுக் குழுவுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. பேச்சை மொழிமாற்றிச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவது? ஆங்கிலம் தெரிந்த இன்னொருவன் மண்ணுக்குள் இருந்தான்.

அதே லயத்து நாகலெட்சுமி, கொழுந்து எடுக்கப் போயிருந்த மலையிலிருந்து ஓடிவந்தாள். "பழனியாண்டி அண்ணன் வீட்டாளுங்க, கிஷாந்து தம்பி, எல்லாரும் அவங்கவங்க காம்பராவுலதான் இருக்காங்க சேர். வெரசா சொல்லுங்க," என்று என் கையைப் பிடித்தாள்.

'தே ஆர் இன் தேர் ரூம்' என்றேன்.

எந்த ரூம் என்று குழுத் தலைவர் கேட்டார். பழனியாண்டியின் காம்பராவைக் காட்டினேன். அவர் ஒருமையில் கேட்டார், நானும் ஒருமையில் பதில் சொன்னேன். நான் பொய் சொன்னேன் என்று நாகலெட்சுமி உங்களிடம் அழுதிருக்கிறாள். கைநாட்டு வைக்கிறவளுக்கு இதெல்லாம் எங்கே விளங்கப்போகிறது? நான் சொன்ன வாக்கியத்தில் பிழை இல்லை. கிஷாந்தே சரி என்று ஒப்புக்கொண்ட வாக்கியம் அது.

பழனியாண்டி குடும்பம் முழுவதும் உயிரோடு வெளியே வந்தது. எனக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. கிஷாந்தை அடுத்துத் தோண்டியெடுப்பார்கள் என்று நம்பி, நாகலெட்சுமி அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் மிச்சத்தையும் சொல்கிறேன். பக்கத்துக் காம்பராவில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டுவது யார் என்று எனக்குத் தெரியும். தலைவரும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அது என்ன சத்தம் என்றார்.

'வாட்டர்' என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த லயத்துக்கு இறங்கிப் போனார். தட்டுவது நிற்கும்வரை நான் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அந்தச் சொல்லுக்குப் பன்மை கிடையாது ஐயா. அதில் யாரும் என்னிடம் பிழை பிடிக்க முடியாது.