நூற்றியொன்றாவது எஸ்எம்எஸ்

பெயர் எழிலன், வயது 31, த/பெ ராமாமிர்தம், அண்ணாமலை நகர், சிதம்பரம். செம்மங்குப்பத்தில் சாயப்பொருள் தயாரிக்கும் தனியார் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்து வருகிறேன். யாரும் அழைக்காமல் நானாகப் போலீஸ் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

எங்கள் ஷெட்டில் வாயு கசிந்தால் சர்வர் வழியாக ஷிப்டில் இருப்பவரின் செல்போனுக்கு எஸ்எம்எஸ் போகும். அதற்கென்று ஒரே ஒரு சிம் உண்டு. சைரன் பழுதாகி இரண்டு மாதமாகிறது. கடந்த ஆகஸ்டில், விற்பனையைப் பெருக்க வாடிக்கையாளர் எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்புவதென்று மாடியில் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். அதற்கு என்ன வசதி வேண்டும் என்று கீழே இருக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய். அதன் பிறகு மேனேஜர் கதிரவன் அதே சிம்மிலேயே அனுப்பச் சொன்னார். ஒரு சிம்மில் நாளைக்கு நூறு எஸ்எம்எஸ்தான் என்று செப்டம்பர் கடைசியில் கட்டுப்பாடு வந்ததும் தனி சிம் கேட்டேன். "பூஜ முடியட்டும்பா, பாத்துக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் என்மீதே எரிச்சலாக வருகிறது.

5.10.2011 ஆயுத பூஜையன்று காலை பத்து மணிக்கு வாடிக்கையாளர் நூற்று நாற்பது பேருக்கு வாழ்த்து அனுப்பினேன். நூறோடு நின்றுவிட்டது. அதன் பிறகு பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். மனசு ஒரு நிலையில் இல்லை. ஆலப்பாக்கத்தில் இறங்கித் திரும்பலாம் என்று எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டேன். பிற்பகல் 2.10க்கு வாயு கசிந்தது. ஷிப்டில் இருந்த ஆப்பரேட்டர் பக்கிரி அது தெரியாமல் ஷெட்டுக்குள் போய் மயங்கி விழுந்தார். இன்றுவரை நினைவு திரும்பவில்லை.

மறுநாள் மேனேஜர் என்னிடம், "மெசேஜ் போச்சு, பக்கிரிதான் பாக்கலன்னு ரிப்போர்ட்ல எழுதியாச்சு. சர்வர்ல அனுப்பினதா இருக்குல்ல, அந்தப் பக்கத்த மட்டும் பிரிண்ட் போட்டுக் குடு" என்றார். சிம்முக்குத் தள்ளிவிட்டாலே சர்வர் அப்படித்தான் காட்டும். சிம்மிலிருந்து வெளியே போகவில்லை என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கங்களையும் ஒப்படைக்கிறேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் பக்கிரியின் மனைவி முத்தம்மாள், "போன் அடிச்சும் அவுரு பாக்காம இருந்துட்டாருன்னு சொல்றாங்க சார். நெசமா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் போன் அடிக்கவே இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை, அடித்துத் திருத்த ஒன்றுமில்லை. இதை அந்த அம்மாளுக்கும் ஒருமுறை படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ரா. எழிலன்
9.10.2011