மூச்சு விடாத கூரை

மழை இறங்குவதற்குள் வேலையை முடிப்பதுதான் கூரைக்காரனுக்கு அழகு, சார். அன்றைக்கு மேகம் குவாரி மலையைத் தாண்டிவிட்டிருந்தது. நான் எல்வெட் வீட்டுக் கூரை விளிம்பில் குப்புறப் படுத்து, இடுக்குகளில் அவசர அவசரமாகப் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்தபடி அவன் பாடிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா இத்வல், அந்த ஓட்டையெல்லாம் எதுக்கு அடைக்கிற?"

"குளிர்காத்து வரும்டா. உன் தொண்டைக்கு ஆகாது."

"என் தொண்டை மேல என்னைவிட உனக்குத்தான் அக்கறை," என்று சிரித்தான்.

உண்மைதான். அக்கறை இருந்தது.

நீங்கள் கூரையைப் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை. எங்கள் வேல்ஸில் பழைய வீடுகளுக்குச் சிலேட்டுக் கல்தான் கூரை. அந்தக் காலத்து ஆட்கள் அதன் அடியில் எதையும் விரிக்கவில்லை. வீட்டுக்குள் எழும் ஈரம் கல் இடுக்கு வழியே போய்விடும். இன்று கல்லை மாற்றினால் அடிவிரிப்பு போட்டாக வேண்டும். வேலை தொடங்கும் முன் அந்த விரிப்பில் இரண்டு மாதிரித் துண்டுகளை எல்வெட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சாம்பல் நிறத்தது ஈரத்தை வெளியே விடும். கறுப்பு, தார் பூசியது, விடாது. அதைப் போட்டால் விளிம்பில் காற்றுவழி விட்டே தீர வேண்டும்.

"எது நல்லது?" அவன் மனைவி கேரிஸ் தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"கறுப்புதாம்மா. கனத்தைப் பாருங்க."

எல்வெட் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கூரை விஷயத்துல இவன் சொன்னா சரி."

சாம்பல் துண்டை அவர்கள் மகள் நெஸ்டா எடுத்துப்போய்ப் பொம்மை வீட்டுக்குக் கூரை போட்டாள். அந்த வீட்டுக்குத்தான் சரியான விரிப்பு அமைந்தது.

தேவாலயப் பாடகர் குழுவில் நானும் எல்வெட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். கோடை விழாவில் தனிப்பாட்டு எப்போதும் அவனுக்கு. ஒரே ஒரு முறை, இந்த வருஷம் நான் பாடட்டுமா என்று கேட்டேன். "இத்வல் கூரை மேல நின்னு பாடட்டும், காக்காயாவது கேக்கும்," என்றான். நாற்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் தினமும் பாடிப் பழகுவது மச்சு அறையில், அந்தக் கூரைக்கு நேர் கீழே. ஒரு குளிர்காலம் போதும் என்று நினைத்தேன். ஈரம் வெளியேறாமல் சொட்டும், பூஞ்சை படரும், குரல் கரகரக்கும். சாவு என்ற எண்ணமே எனக்கில்லை.

நினைத்தபடியே சுவர் கறுத்தது. கேரிஸ் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"வாடை அடிக்குது இத்வல். ஜன்னலத் திறந்து வைக்கட்டுமா?"

"வேணாம்மா, பனி உள்ள வந்துரும். துணியால துடைச்சு விடுங்க, புதுக் கூரை பழகிக்கும்."

அவன் குரல் போயிற்றா என்றுதானே கேட்கிறீர்கள்? போகவில்லை. அக்டோபரிலேயே அவன் பாட்டுப் பயிற்சியைக் கீழே பியானோ பக்கம் மாற்றிக்கொண்டான். ஐந்து வயதாகிறதே, தனி அறை வேண்டும் என்று நெஸ்டா அடம்பிடித்தாள். அவள் கட்டிலை மச்சுக்கு ஏற்றும்போது ஒரு முனையை எல்வெட் பிடித்தான். மறுமுனையைப் பிடித்தவன் நான். அவளுக்கு மூச்சிளைப்பு உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், சார். குழந்தை ராத்திரியெல்லாம் இருமினால் அப்பன் தூங்க மாட்டான். தூக்கம் கெட்டவனுக்குத் தொண்டை நிற்காது. சுற்றி வந்தாலும் அதே இடம்தான்.

பிப்ரவரியில் அடக்கம். சின்னப் பெட்டிதான், இரண்டு பேர் தூக்கினார்கள். குழுவோடு நானும் கறுப்புக் கோட்டில் நின்றேன். எல்வெட் தனியாகப் பாடினான். ஒவ்வொரு வரியிலும் காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை காத்திருந்தேன்.

ஒரு இடத்தில்கூடக் குரல் பிசிறவில்லை, சார். அது ஒன்றில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.