ஆடாம நில்லுங்க தம்பி

ஆடாதீங்க தம்பி, அக்குள் பக்கம் பூரா குண்டூசி. இன்னொரு தடவை அப்படி எட்டிப் பாத்தீங்கன்னா, கோட்டு தைக்க வந்தவருக்குக் கட்டுப் போட வேண்டியதா போயிடும். உள்ளதான் இருக்கா. மிஷின் சத்தம் கேக்குதில்ல? ஒரு திரைச்சீலைக்கு ஓரம் மடிச்சு அடிக்கணும், முடிச்சிட்டு வருவா. உங்க ஆளு என்ன, இறக்கை கட்டிப் பறந்தா போயிடுவா?

கையைக் கொஞ்சம் தூக்குங்க. அவ்வளவு வேணாம், போலீஸா வந்திருக்கு? ம், அப்படியே.

அடேயப்பா, தோள் நல்ல அகலம்தான். இந்தத் தோளைப் பாத்துத்தான் எங்க ஊமைக்கோட்டான் விழுந்துட்டாளா? சிரிக்காதீங்க, சிரிச்சா மார்பளவு மாறுது. வேலைக்குச் சேந்த புதுசுல அவ வாயைத் தொறந்து நான் பாத்ததில்ல. அப்புறம் நீங்க வந்தீங்க பாருங்க, ஒரே பாட்டு. காஜா எடுத்தா பாட்டு, பட்டன் வச்சா பாட்டு. எங்க இஸ்திரி போடற அண்ணன் காதுல பஞ்சு வச்சுக்கிட்டாரு. இப்பக் கொஞ்ச நாளா அந்தப் பஞ்சுக்கு வேலை இல்ல.

ஏன்னு என்னைக் கேட்டா? நீங்கதான சொல்லணும்.

சரி, திரும்புங்க, முதுகைப் பாக்கணும். போனை அந்த மேஜை மேல வைங்க. கூப்பிட்டாலும் எடுக்க மாட்டா. மிஷின்ல கை இருக்கறப்ப போனைத் தொடக் கூடாதுன்னு நான்தான் கண்டிஷனா சொல்லி வச்சிருக்கேன். போன வாரம் நீங்க விடாம அடிக்க, அவ பதறிப் போய் எடுக்க, ஊசி நகத்துல ஏறிடுச்சு. பக்கத்துல யாரு, போட்டோ எடுத்து அனுப்புன்னீங்களாமே. இஸ்திரி அண்ணன் உடனே தலையெல்லாம் சீவிக்கிட்டு வந்து நின்னாரு, மனுஷன் ஆசையைக் கெடுப்பானேன்.

பாசம்தான். நான் இல்லேன்னா சொன்னேன்?

இங்க இறுக்குதா? சரி, பிரிச்சுத் தள்ளி வைக்கறேன். பாத்தீங்களா, இறுக்குதுன்னீங்க, நான் பிரிச்சிட்டேன். சும்மா வெக்கத்துல சொல்றீங்க, உள்ளுக்குள்ள உங்களுக்கு நல்லாத்தான் இருக்குன்னு நான் சொல்லலையே. டேப்பு என்ன வேணா சொல்லட்டும் தம்பி, போட்டிருக்கறவங்க இறுக்குதுன்னா இறுக்குதுதான். அதுக்கு மேல பேச்சு இல்ல. அப்படிப் பேசற தையல்காரன் கடையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்.

வெளியூர்ல ரூம் போட்டிருக்கீங்களாமே. இன்னைக்குக் கையோட கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கீங்க, அதுவும் தெரியும். அவ வரலைன்னாளாம், நீங்க சிரிச்சீங்களாம். எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் சொல்லும்னு.

அவளேதான் சொன்னா, வேற யாரு? ஊமைக்கோட்டானும் ஒருநாள் பேசும்.

அட, தோள் ஏன் இப்படி ஏறுது? இறக்குங்க, இழை அறுந்துடப் போவுது. கோவத்துல இருக்கறப்ப அளவெடுத்தா கோட்டு கோவத்துக்குத்தான் பொருந்தும். அப்புறம் ஆபீஸ் விழாவுல சாதுவா நிக்கறப்ப தொளதொளன்னு தொங்கும், பரவாயில்லையா?

மொதல்ல அவ ஒண்ணும் சொல்லல. இந்தக் கொதிக்கற வெயில்ல வந்து, அக்கா, என் சட்டைக்கெல்லாம் கையை மணிக்கட்டு வரைக்கும் நீட்டித் தாங்கன்னு கேட்டா. புது பேஷனாடின்னு கிண்டல் பண்ணேன். ஆமான்னா. சரின்னு அளவெடுக்க டேப்பைச் சுத்தினேன், வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. அதுக்குள்ள பாத்துட்டேன். நாலு விரல் தடம் அந்தப் பக்கம், கட்டைவிரல் தடம் இந்தப் பக்கம். பத்து சட்டைக்குக் கை வச்சுத் தந்தேன், ஒண்ணும் கேக்கல. கடைசிச் சட்டைக்குப் பட்டன் வைக்கறப்ப அவளே அழுதா.

உங்க கையைக் காட்டுங்க. நீளம் பாக்கணும்ல. விரல் நல்ல நீளம் தம்பி உங்களுக்கு.

இருங்க, இருங்க! ஊசியோட ஓடாதீங்க. நானே ஒண்ணொண்ணா எடுக்கறேன். உள்ள போய்ப் பாக்கணும், அவ்வளவுதான? தாராளமாப் பாருங்க. அண்ணே, போதும், நிறுத்துங்க.

பாத்தீங்களா? இஸ்திரி அண்ணன்தான். அவருக்குத் தைக்கவே தெரியாது. நூல்கூடக் கோக்காம மிதிச்சுக்கிட்டு இருந்தாரு, பாவம், காலு வீங்கிப் போயிருக்கும். நான் கையைத் தூக்கச் சொன்னேன் பாருங்க, அப்பவே அவ அண்ணி பின்வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்துட்டாங்க. வீட்டுல சொல்லத்தான் பயந்து செத்தா. சொன்னதும் அந்தம்மா ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. எந்தப் பக்கம் வரட்டும்னு மட்டும் கேட்டிருக்காங்க.

எங்கேன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கவும் இல்ல. தெரிஞ்சா என் மூஞ்சியே சொல்லிடும்.

அண்ணே, இஸ்திரிப் பெட்டியை எதுக்குக் கையில வச்சுக்கிட்டு நிக்கறீங்க, தம்பி பயந்துக்கப் போறாரு. கீழ வைங்க. இல்ல, வேணாம், வச்சுக்கங்க.

அவகிட்டப் பேசணுமா? அவ பேச வேண்டியதைப் பேசிட்டாளே தம்பி. வரலைன்னு.

கோட்டு சொன்ன நாளுக்கு ரெடியா இருக்கும், அதுல குறை வைக்க மாட்டேன். வாங்கிக்க வேற யாரையாவது அனுப்புங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, அனல் அடிக்குது.

போயிட்டாரா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. சரி, அந்தக் கத்திரியைக் குடுங்க. அவ விட்டுட்டுப் போன இந்தச் சட்டைக்குக் கை முன்னாடி எதுவரைக்கும் இருந்துச்சு? முழங்கைக்கு மேலதான? அந்த முனையைப் பிடிங்க, இழுத்துப் பிடிங்க.